வேன்ல ஏறுங்க, மாமா!

கூச்சப்படுகிறவர்களைப் பற்றி ஊருக்குள் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, அவர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்று. பயம் வேறு, கூச்சம் வேறு. எனக்குப் பாம்பைக் கண்டால் பயம் கிடையாது. மண்வெட்டியால் ஒரே போடு. ஆனால் பாம்பை அடித்தவளை நாலு பேர் பாராட்ட வந்தால் மாட்டுக்கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்வேன்.

பஸ்ஸில் போனால் "இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்குகிற இடம் வரைக்கும் போய், அவர்களோடு இறங்கி, என் ஊருக்குத் திரும்பி நடந்து வருவேன். (இந்த வயதிலும் முழங்கால் வலி இல்லையே, என்ன ரகசியம் என்று கேட்கிறார்கள். இதுதான்.)

படிப்பு ஐந்தாவது வரை. அதிலும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். எதிரில் ஆள் இல்லாத தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் கூச்சத்துக்கெல்லாம் தலைமைப் பீடம் எங்கள் வீட்டுப் பெரியவர். என் வீட்டுக்காரரின் அண்ணன். கோயமுத்தூரில் ஒரு பஞ்சு மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் அவர் இன்னும் வீட்டை ஷிப்டு போட்டுத்தான் நடத்துகிறார். அவர் சம்சாரம் போன பிறகு அன்னூரில் எங்களோடுதான் இருக்கிறார். என் வீட்டுக்காரரும் போன பிறகு, நான், மகன் கனகராஜ், மருமகள் சுமதி, பெரியவர், இவ்வளவுதான் வீடு.

கணவரின் அண்ணன் எதிரே நின்று பேசக்கூடாது என்பது நான் வாழ வந்த காலத்துப் பழக்கம். மற்ற வீட்டு மருமகள்கள் ஒரு பிள்ளை பெற்றதும் அதைத் தளர்த்திக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பழக்கம் சட்டை மாதிரி பொருந்திவிட்டது. கழற்றவே இல்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை நேராகப் பேசாமல் எப்படி இருந்தீர்கள் என்று கேட்பீர்கள். சுலபம். யாராவது இருந்தால் அவர்கள் மூலமாகச் சொல்வேன். யாரும் இல்லையென்றால் ஃபிரிட்ஜிடம் சொல்வேன்.

"காபி ஆறுதாமா" என்பேன் ஃபிரிட்ஜைப் பார்த்து. ஃபிரிட்ஜ் ஒன்றும் சொல்லாது. அவர் வந்து எடுத்துக் குடிப்பார். "சக்கரை பத்தலையாமா" என்று அவரும் ஃபிரிட்ஜிடம்தான் சொல்வார். எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய பேச்சையும் பொறுமையாகக் கேட்டது அந்த ஃபிரிட்ஜ் ஒன்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ஒரு வைரஸ் காய்ச்சல் புகுந்தது. வீட்டுக்கு வீடு இருமல். பஸ் ஸ்டாண்டில் நின்றால் பஸ் ஹாரனை விட இருமல்தான் அதிகம் கேட்டது. பெரியவர் உடனே உத்தரவு போட்டார்: "வயசானவங்கெல்லாம் ஊட்டுக்குள்ளயே கெடக்கோணும். சந்தைக்கும் போக வேண்டாம், கோயலுக்கும் போக வேண்டாம்." (வயசானவங்க என்றால் நான். அவர் தன்னை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் மட்டும் டீக்கடைக்குப் போய் வந்தார்.)

அந்த வாரம் வீடு வீடாக வந்த சுகாதார நர்ஸ் கேட்டருகே நின்று என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். "அம்மா, இந்தக் காய்ச்சல் வந்து போன பொறகு வயசானவங்களுக்கு நிமோனியா புடிச்சுக்குதுங்க. அதுக்குன்னு ஒரு ஊசி இருக்குதுங்க. டாக்டரக் கேட்டுப் போட்டுக்குங்க."

நிமோனியா என்ற பேரைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் போனது அதில்தான். காய்ச்சல் விட்டுவிட்டது, ரசம் சாதம் சாப்பிட்டார், நாளைக்குத் தோட்டத்துக்குப் போகிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் சளி நெஞ்சில் இறங்கியது. மூச்சுக்கு அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்த வியாதிக்கு இந்த வீட்டிலிருந்து இன்னொரு ஆளைக் கொடுப்பதாக இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சுமதி மூலமாக விஷயத்தைச் சபையில் வைத்தேன்.

"மாமா, அத்தை நிமோனியா ஊசி போட்டுக்கட்டுமான்னு கேக்கறாங்க" என்றாள் சுமதி.

பெரியவர் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். "பரவறது வைரஸ். அந்த ஊசி வேற கிருமிக்கு. பல்லு வலிக்குதுன்னு காலுக்கு மருந்து போடற மாதிரி இருக்குது. வேண்டாம்னு சொல்லு."

"அதில்லீங்க பெரியப்பா..." என்றான் கனகராஜ்.

"கேளு கண்ணு. ஊருக்கெல்லாம் காய்ச்சல் ஓடறப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா, ஊசியோட காய்ச்சலையும் வாங்கிட்டுத்தான் வரோணும். எல்லாம் அடங்கட்டும். பொறகு பாத்துக்கலாம். இந்த வயசுல அந்தப் புள்ளைக்கு ஒடம்பு தாங்குமா?"

அந்தப் புள்ளை என்றது என்னை. எழுபதைத் தாண்டிய புள்ளை. என் மகன் தலையாட்டிவிட்டான். நான் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தேன். அது எனக்குப் பதிலாகச் சீறியது.

இரண்டு நாள் கழித்து, கனகராஜ் கடைக்குப் போயிருந்தான். சுமதி மாவு மில்லுக்குப் போயிருந்தாள். பெரியவர் மதியச் சாப்பாடு முடித்துக் குறட்டையில் இருந்தார். நல்ல சேலை ஒன்றைக் கட்டினேன். மாஸ்க் போட்டேன். சொல்லாமல் போனோம் என்ற கெட்ட பேர் வேண்டாமே என்று ஃபிரிட்ஜிடம் போய், "டவுனுக்குப் போறாங்களாமா, பொழுதோட வந்துருவாங்களாமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் பஸ் ஏறினேன்.

(நல்ல வேளை, காந்திபுரம் கடைசி ஸ்டாப். கண்டக்டரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.)

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். பெருந்துறைப் பக்கமாம். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் திறந்தது. பெரியவரின் கேள்வியை என் கேள்வி மாதிரி கேட்டேன். "பரவறது வேற கிருமின்னா இந்த ஊசி எதுக்குங்க கண்ணு?"

"நீங்க ஆடு வளத்திருக்கறீங்களா பாட்டி?"

"அதெல்லாம் கேக்கோணுமுங்களா?"

"வைரஸ் வந்து வேலியப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருமுங்க. அந்தச் சந்துல ஆடு உள்ள பூந்து மேயும். அந்த ஆடுதான் நிமோனியாக் கிருமி. இந்த ஊசி வைரஸத் தடுக்காதுங்க. அதுக்கு மாஸ்க் போடோணும், கூட்டத்துக்குப் போகாம இருக்கோணும். அந்தக் காய்ச்சலுக்குன்னு தனியா ஊசி இருந்தா அதையும் போட்டுக்கோணும். இது ஆட்டத் தடுக்கறதுக்கு. எல்லா ஆட்டையும் தடுத்துருமுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பெரிய கெடாயெல்லாம் உள்ள வராது."

"அப்பக் காய்ச்சல் அடங்கட்டும்னு காத்திருக்க வேண்டாமுங்களா?"

"மேஞ்சு முடிச்ச பொறகு படலச் சாத்தி என்னுங்க பண்றது?"

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கூச்சத்தில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். சக்கரை இருக்கிறதா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா, முன்னே இந்த ஊசி போட்டிருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுப் போட்டார்கள். "கை வலிக்கும், லேசாக் காய்ச்சலும் வரலாம், ஓரிரு நாள்ல போயிரும், பயப்படாதீங்க" என்று சொல்லி, கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

வெற்றி வீராங்கனையாக உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் விதி நொண்டிக்கொண்டு வந்தது. எங்கள் சம்பந்தியம்மா சாவித்திரி, சுமதியின் அம்மா, முழங்கால் வலிக்கு அதே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். என் தலைக்கு மேலே இருந்த போர்டைப் பார்த்தார். 'நுரையீரல் நோய்ப் பிரிவு' என்று போட்டிருந்தது. என் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். கூட யாரும் இல்லாததைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க அண்ணி... யாருக்கும் சொல்லாம நீங்களே தனியா வந்தீங்களா?"

எதிர் பெஞ்சில் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிரித்தேன். மாஸ்க் போட்டுக்கொண்டு சிரித்தால் கண் மட்டும்தான் தெரியும் என்பதும், அது அழுகிற மாதிரி இருக்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

"ஒண்ணும் பேச வேண்டாமுங்க. மூச்சு வாங்கும்" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார் சம்பந்தியம்மா. அழுத்தியது ஊசி போட்ட கையை. நான் துடித்துப்போனேன். அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் டாக்டர் சொன்னபடியே கை வீங்கி வலித்தது, லேசாகக் காய்ச்சல். சுமதியிடம் "அசதியா இருக்குது" என்று சொல்லிவிட்டு ஹாலில் கட்டிலில் படுத்தேன். ஒரு பொழுது படுத்து எழுந்தால் போயிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

வாசலில் வேன் வந்து நின்றது.

எங்கள் பக்கத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தனித்தனியாகப் போய்ப் பார்க்கிற வழக்கம் இல்லை. வேன் பிடித்துத்தான் போவோம். வேனில் இடம் இருந்தால் நோயாளிக்கு ஒட்டும் உறவும் இல்லாதவர்களைக்கூட ஏற்றிக்கொண்டு போவோம். சம்பந்தியம்மா, சொன்னால் மகள் பதறிப்போவாள் என்று சுமதி ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு, சத்தியமங்கலத்திலிருந்து அவிநாசி வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

ஒறம்பரை (சொந்தபந்தத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) திபுதிபுவென்று உள்ளே வந்தது. ஹார்லிக்ஸ், பிரட், ஆப்பிள், இளநீர். ஒருத்தர் முகத்திலும் மாஸ்க் இல்லை. நான் கம்பளியை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். பெரிய கூட்டத்தைக் கண்டால் என் உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

"அய்யோ, மூஞ்சியக்கூடக் காட்ட மாட்டேங்கறாளே!"

"என்னுங்கம்மா இது?" என்று சுமதி தன் அம்மாவைக் கேட்டாள். "அத்தைக்கு என்ன?"

"நிமோனியா கண்ணு. என்ற கண்ணால பாத்தேன். தனியாளா ஆஸ்பத்திரில உக்காந்துட்டு இருந்தாங்க. மனசு தாங்கல."

சுமதி என் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் அடித்தது. அவளும் அழ ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் கம்பளியை விலக்கி, "அது ஒண்ணுமில்ல, தடுப்பூசிதான்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். அத்தனை பேர் அழுது முடித்த பிறகு அந்த வாக்கியத்தோடு எழுந்து உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. வாங்கிவந்த ஹார்லிக்ஸுக்கு என்ன மரியாதை?

ஆகவே படுத்திருந்தேன். என்னைப் பற்றி இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத பொம்பள."

"கொள்ளுப் பருப்பு அவ கடஞ்சா அப்படி இருந்துச்சு."

"இருந்துச்சு" என்று கேட்டதும் கம்பளிக்குள் எனக்கு வியர்த்தது. என் தையல் மிஷின் இப்போதும் ஓடுகிறதா என்று ஒரு குரல் சுமதியிடம் நைசாக விசாரித்தது. யார் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன். மிஷினையும் தரமாட்டேன்.

என் தலைமாட்டில் சுமதியின் சத்தியமங்கலம் சித்தப்பா உட்கார்ந்து வேட்டி அதிர இருமினார். யாரோ கேட்டதற்கு, "இது ஒரு வாரமா இருக்குது, ஒண்ணும் பண்ணாது" என்றார். அவருக்கு ஒன்றும் பண்ணாது. எனக்கு? இந்தக் காய்ச்சலுக்குப் பயந்துதானே என்னைக் கோயிலுக்கே விடவில்லை? இப்போது காய்ச்சல் வேன் வைத்துக்கொண்டு ஹார்லிக்ஸோடு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது.

அப்போது பெரியவர் உள்ளே வந்தார். செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது. எல்லோரும் அடங்கினார்கள்.

"நான் போக வேண்டாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார். "போயி, இல்லாத நோவ வாங்கியாந்தாச்சு." பிறகு நாற்காலியில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினார். "தம்பியும் போயிட்டான். இப்ப இந்தப் புள்ளையும்..." என்றவர் முடிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இருட்டில், முகம் தெரியாமல் கேட்டால் அவர் குரல் அப்படியே என் வீட்டுக்காரரின் குரல். கம்பளிக்குள் அது எனக்கு என்னவோ செய்தது. இவருக்கும் சக்கரை இருக்கிறது. மழைக்காலம் பூராவும் நெஞ்சுச் சளி. என்னை விட வயது அதிகம். இந்தக் குரலும் நாளைக்கு மூச்சுக்குத் திணறினால்?

அவர் கண்ணைத் துடைத்திருப்பார் போல. உடனே மேஸ்திரி திரும்பி வந்துவிட்டார். "இனி இந்த ஊட்டுல ஒருத்தரும் ஊசி, கீசின்னு ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

சொல்லிப்போட்டாரா?

கம்பளி எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. (இளநீர் மேல் விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள்.) நான் கட்டிலை விட்டு இறங்கி நடு ஹாலில் நின்றேன். இரண்டு பேர் அலறினார்கள். பழக்க தோஷத்தில் ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒரு நோவும் இல்லியாமா. நிமோனியா வரக்கூடாதுன்னு ஊசி போட்டுட்டு வந்தாங்களாமா. அந்த ஊசிக்குத்தான் இந்தக் காச்சலாமா..."

பாதியில் நிறுத்தினேன். ஃபிரிட்ஜுக்கு நெஞ்சுச் சளி இல்லை. சக்கரை இல்லை. ஃபிரிட்ஜிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? திரும்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன்.

"எந்திரிங்க" என்றேன். "வேன்ல ஏறுங்க, மாமா!"

சத்தியமங்கலம் சித்தப்பாவின் இருமல்கூட நின்றது. பெரியவர் என்னையே பார்த்தார். கட்டிலில் கிடந்த பிணம் எழுந்து பேசியதை விட, நான் பேசியதுதான் அவருக்குப் பெரிய அதிர்ச்சி. எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். பொத்தானை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டுக்கொண்டு போய் வேனில் ஏறினார்.

"அறுவது தாண்டினவங்க எல்லாரும் ஏறுங்க" என்றேன். எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "சித்தப்பா, நீங்க மாஸ்க் போட்டுட்டுக் கடசி சீட்டு. மத்தவங்களும் மாஸ்க் போடுங்க. சன்னலத் தொறந்து விடுங்க!"

என்னைப் பார்க்க வந்த வேன் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. டாக்டர் பெண் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "பாட்டி, நேத்துத்தான வந்தீங்க! யாருங்க இவங்கெல்லாம்?" என்றாள்.

"என்னப் பாக்க வந்த ஒறம்பரைங்க. நோவு பாத்துட்டாங்க. இனி ஊசியும் பாக்கட்டும்."

அவள் ஒவ்வொருவராக விசாரித்தாள். சிலருக்குப் போட்டார்கள். சிலருக்கு இப்போது வேண்டாம் என்றாள். சித்தப்பாவுக்கு, காய்ச்சல் போன பிறகுதான் ஊசி என்று சொல்லி, தனியாக உட்காரவைத்துப் பரிசோதனை எடுத்தார்கள். அவரிடம் இருந்தது அதே வைரஸ்தான்.

பெரியவர் முறை வந்தது. மில்லில் மிஷினுக்கே உத்தரவு போட்ட மனிதர் ஊசியைப் பார்த்ததும் வெளுத்துப்போனார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நர்ஸ் பெண் என் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "பாட்டி, உங்க ஊட்டுக்காரரு பயப்படறாருங்க. கையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க!"

ஒறம்பரை மொத்தமும் கல்லாகிவிட்டது. சம்பந்தியம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். ஆஸ்பத்திரித் தரை நல்ல டைல்ஸ் போட்டது. பிளக்கவில்லை.

அப்போது பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார். சுமதியைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.

"அம்மணி... வலிக்குமா?"

"வலிக்குமுங்க மாமா" என்றேன். "போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த மழைக்காலத்திலேயே எங்கள் வீட்டுக்குள்ளும் அந்த வைரஸ் வந்தது. கனகராஜுக்கு வந்து பெரியவருக்கும் வந்தது. இருமினார், படுத்தார், என்னைத் திட்டினார், எழுந்துவிட்டார். சளி நெஞ்சில் இறங்கவில்லை. ஊசியாலா, அவர் ஆயுசாலா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நான் படித்தது ஐந்தாவது. ஆனால் வயசானவர்கள் காய்ச்சல் காலத்தில் இந்த ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று இன்றைக்கும் யாராவது வாசலில் நின்று கேட்டால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்: டாக்டரிடம் போய்க் கேளுங்கள். வீட்டு மேஸ்திரியிடம் கேட்காதீர்கள்.

இப்போது எங்கள் ஒறம்பரையில் நோய் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் போன் செய்கிறார்கள். "அம்மணி, வந்தா ஊசி போட்டு உட்டுருவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கல்யாண மண்டபத்தில் யாராவது ரெண்டு தடவை இருமினால் போதும், பந்தியின் ஏதோ ஒரு மூலையிலிருந்து "வேன்ல ஏறுங்க, மாமா!" என்று குரல் வரும். சின்னப் பிள்ளைகள் கூடச் சொல்கின்றன. எனக்கு இன்னும் முகம் சிவக்கிறது. ஆனால் மாட்டுக்கொட்டகைக்கு ஓடுவதில்லை.

ஃபிரிட்ஜுக்குத்தான் வேலை போய்விட்டது. பெரியவர் காபிக்குச் சர்க்கரை பத்தவில்லை என்றால் நேராக என்னிடமே சொல்கிறார். உங்களுக்குச் சர்க்கரையே கூடாது என்று நானும் நேராகவே சொல்கிறேன். சண்டை நடக்கிறது. நன்றாக இருக்கிறது.

மழைக்காலத்தில் அவர் தொண்டையைச் செருமும்போது மட்டும் நான் ஒன்றும் பேசுவதில்லை. சமையலறையிலிருந்து தலையை நீட்டி ஒரு பார்வை பார்ப்பேன், அவ்வளவுதான். உடனே எழுந்து சட்டையைத் தேடுவார்.

"ஏறிட்டேன் அம்மணி" என்பார். "ஏறிட்டேன்."